கலைந்தது என்று எழுத வேண்டும்

முருங்கைக்காய்க் கட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள் அக்கா, விலாவில் குத்துகிறது. ஆங், இப்போது சரி.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டீர்கள். உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்வதற்குள் கேட்டுவிட்டீர்கள். தப்பில்லை. எந்த ஊர், அடுத்து எத்தனை பிள்ளைகள், அதுதானே வழக்கம். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு நம்பரைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற ஆள் நானில்லை. முக்கால் மணி நேரம் ஆகும். நான் இறங்குகிற விலக்கு ஸ்டாப் வர அவ்வளவு நேரம் இருக்கிறது, நீங்கள் அதையும் தாண்டிப் போகிறவர். கேட்டவர் நீங்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என்ன, பேச்சு பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? தமிழ் டீச்சர் அக்கா. அரசு உயர்நிலைப் பள்ளி, பதினோரு வருட சர்வீஸ். வெளியாட்களிடம் பேசினால் தானாக இப்படி வந்துவிடும். கோபம் வந்தாலும் வரும். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்காரர், "கலை, திட்டுறதுன்னா சாதாரணமாத் திட்டு, செய்தி வாசிக்கிற மாதிரி திட்டாத" என்பார். என் பெயர் கலையரசி. எல்லோருக்கும் கலை டீச்சர்.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் ஏவல் வினை நடத்திக்கொண்டிருந்தேன். வா, போ, நில், ஓடு என்று முன்னால் நிற்கிறவரை ஏவுகிற சொல். ஆளுக்கொன்று சொல்லுங்கள் என்றேன். கடைசி பெஞ்சில் ஒரு வாயாடி எழுந்து, "டீச்சர், உங்க பேரே ஏவல் வினைதான் டீச்சர். கோலத்தைக் கலை! கூட்டத்தைக் கலை!" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அப்போது எனக்கு ஏழு வாரம். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது.

அதுதான் விஷயம். ஒன்று வந்தது. பதினோராவது வாரம் போய்விட்டது. வருகிற புரட்டாசி வந்தால் இரண்டு வருடம். முதல் நாளிலிருந்தே அது எனக்கு வேண்டியிருந்தது, அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் எடுத்த பெண் பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்தினாள், திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள், "டாக்டரம்மா வந்து சொல்வாங்கக்கா" என்றாள். அவ்வளவுதான். அழுதாயா என்று கேட்பீர்கள். அழவில்லை. பத்தாம் வகுப்புக் காலாண்டு விடைத்தாள் நாற்பத்தோரு கட்டுப் பிரிக்காமல் கிடந்தது, எங்கே அழுவது? நாற்பத்தோரு கட்டு இல்லை, நாற்பத்தோரு தாள், ஒரே கட்டு. பாருங்கள், சொல் பிசகுகிறது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அப்புறம் சட்டப்படி ஆறு வாரம் விடுப்பு உண்டு. அதற்கான விண்ணப்பத்தைப் படுக்கையில் உட்கார்ந்தே எழுதி, வீட்டுக்காரரிடம் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினேன். அந்த விண்ணப்பத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆறு வாரத்தில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கையில் ஹார்லிக்ஸ் கொண்டுவந்தார்கள், வாயில் ஒரு காரணம் கொண்டுவந்தார்கள். நாத்தனார், "ஸ்கூட்டர்ல குதிச்சுக் குதிச்சுப் போனா நிக்குமா?" என்றாள். எதிர்வீட்டுக்காரி, "பப்பாளி மரத்தை வீட்டுல வச்சுக்கிட்டு…" என்று இழுத்தாள். எங்கள் சித்தி, "இது போனாப் போகுது, அடுத்தது வரும்" என்றாள். "அது என்ன டவுன் பஸ்ஸா சித்தி?" என்று கேட்டேன். அப்புறம் அவள் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் யாராவது, "என்ன கலை, விசேஷம் உண்டா?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்டால், "உண்டே, நாளைக்குப் பிரதோஷம்" என்று சொல்லிவிடுவேன். வாயை மூடிக்கொள்வார்கள்.

வீட்டில் அத்தை, அதாவது மாமியார், அது ஒரு தினுசு. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் பின்கட்டுப் பப்பாளி மரத்தை ஆளை விட்டு வெட்டிப்போட்டார். நான் அதில் ஒரு துண்டுகூடத் தின்றதில்லை. காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்த மரம். இன்னொன்றும் செய்தார். அதுவரை வாய்க்கு வாய் "கலை, கலை" என்றவர், அன்றிலிருந்து "அரசி" என்று கூப்பிட ஆரம்பித்தார். "அரசி, காப்பி ஆறுது." "அரசி, குடை எடுத்துக்கிட்டியா?" யாரைக் கேட்டு என் பெயரைப் பாதியாக வெட்டினார்? மரத்தை வெட்டினது போதாது என்று பெயரையும். நானும் ஒருதரம் கேட்டேன். "சும்மாத்தான், வாய்ல அப்படி வருது" என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். படிக்காதவர்களிடம் என்ன பேசுவது?

வீட்டுக்காரரோ அதைவிட. மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். தோட்டத்து மோட்டார் எரிந்துபோனால் பழைய கம்பியைப் பிரித்து எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே, "காயில் எரிஞ்சா பிரிச்சுட்டுத் திரும்பக் கட்டுறதில்லையா கலை?" என்றார். டம்ளரைத் தூக்கி எறிந்தேன். சுவரில் இன்னும் அது பட்ட தடம் இருக்கிறது. அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மனிதருக்குத் துக்கமே இல்லை அக்கா. ஸ்கேன் படத்தைக் கொடுத்துப் பத்திரமாக வையுங்கள் என்றால், கடையில் கம்பிச் சுற்று எத்தனை என்று எழுதி வைக்கிற நோட்டுக்குள் சொருகி வைத்திருக்கிறார். ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன். படம் முழுக்கக் கிரீஸ் விரல். ஒரு விரல் தடமா, இரண்டா? ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் தேய்ந்து, பாதி வெளுத்துப்போய். மெடிக்கல் ரெக்கார்டை இப்படியா வைப்பது? பொறுப்பு வேண்டாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையில் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குப் பணிப்பதிவேடு என்று ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறுகிற நாள் வரை சம்பளம், விடுப்பு, மாறுதல் எல்லாம் அதில் ஏறும். எங்கள் ஜாதகம் மாதிரி. ஜாதகத்தைக்கூட மாற்றி எழுதிவிடலாம், இதை முடியாது. வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். விடுப்பு முடிந்து வேலையில் சேர்ந்து நாலு மாதம் கழித்துப் பார்க்கிறேன், சிவப்பு மையில், குண்டு குண்டாக: 'கருக்கலைப்பு விடுப்பு, நாற்பத்திரண்டு நாட்கள்.'

புரிகிறதா அக்கா? கலைப்பு. மேகம் கலைந்தது, அது தானாகப் போவது. கோலத்தைக் கலைத்தாள், அது ஒருத்தி செய்வது. கலைவு வேறு, கலைப்பு வேறு. நீங்கள் பேசும்போதுகூட 'அபார்ஷன் ஆயிருச்சு' என்பீர்கள், 'அபார்ஷன் பண்ணிட்டா' என்பீர்கள். ஆனதும் பண்ணினதும் ஒன்றா? படிவத்தில் 'கருச்சிதைவு' என்று ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது. அதை நான் எழுதுவதில்லை. சிதைவது என்றால் உருக்குலைந்து போவது, கோயில் சிலை சிதையும், பழைய மண்டபம் சிதையும். என் பிள்ளை சிதையவில்லை. அதனால்தான் விண்ணப்பத்தில் அழகாகக் 'கருக்கலைவு' என்று எழுதியிருந்தேன். அதை இந்த ஆள் 'கலைப்பு' ஆக்கிவைத்திருக்கிறார். ஒரு 'வு' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'ப்பு'.

இந்த ஆள் என்றால் வேலாயுதம் சார். எங்கள் பள்ளி இளநிலை உதவியாளர். பதிவேடு எழுதுகிறவர் அவர்தான். ஐம்பத்தைந்து வயது, சத்தமே வராத மனிதர்.

"சார், இது என்ன?"

"விடுப்புப் பதிவு டீச்சர்."

"இந்தச் சொல்லை எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"பார்த்துத்தான் டீச்சர் எழுதினேன்."

"எதைப் பார்த்து?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விடுங்க டீச்சர். இதையெல்லாம் யாரு புரட்டிப் பார்க்கப் போறா?"

"நான் பார்க்கிறேன் சார். நாளைக்கு எனக்குப் பேறுகால விடுப்பு வரும். அதை எங்கே எழுதுவீங்க? இதே பக்கத்துல, இந்தச் சொல்லுக்குக் கீழேதானே? என் பிள்ளை இதுக்குக் கீழேதான் வந்து உட்காரணுமா?"

அவர் திருத்த முடியாது என்றும் சொல்லவில்லை, திருத்துகிறேன் என்றும் சொல்லவில்லை. விண்ணப்பம் ஒப்புதலுக்காக மாவட்ட அலுவலகம் போய்விட்டது, அசலைப் பார்க்காமல் கைவைக்கக் கூடாது என்றார். அசல் எதற்கு? எழுதின நான் உயிரோடு முன்னால் நிற்கிறேனே!

மறுநாள் இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு அவரைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அறிவிப்புக்காக மாட்டியிருக்கிற கரும்பலகையில் இரண்டு வரி எழுதினேன். 'மேகம் கலைந்தது. கலையரசி கருவைக் டேஷ்.' சாக்பீஸை நீட்டி, "கோடிட்ட இடத்தை நிரப்புங்க சார்" என்றேன். அவர் சாக்பீஸை வாங்கினார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சாக்பீஸை அதன் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார். ஜெயித்தது நான்தான். தலைமையாசிரியை மட்டும், "ஏன் கலை இப்படி? அடுத்தது வந்தா எல்லாம் மறந்துரும்மா" என்றார். எல்லோருக்கும் அடுத்தது. முன்னதை என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அடுத்ததுக்கு நான் தயாரில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தயார் என்றால் அப்படித் தயார். தைராய்டு பார்த்தாயிற்று, சர்க்கரை பார்த்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று. ருபெல்லாவுக்கு ஊசி போட்டு, அதற்குக் காத்திருக்க வேண்டிய காலமும் முடிந்தாயிற்று. நாலு கிலோ இறக்கினேன். காப்பி ஒருவேளைதான். ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஒருநாள் தவறியதில்லை. தவறினாலும் வீட்டுக்காரர் விட மாட்டார், காலையில் தண்ணீரோடு வந்து நிற்பார். அவரும் பாக்குப் போடுவதை விட்டுவிட்டார், யார் சொன்னார்களோ. பரீட்சைக்குப் போகிற பிள்ளை பேனா, ஸ்கேல், ரப்பர் எல்லாம் எடுத்துவைத்துவிட்டு வாசலில் நிற்கிற மாதிரி நிற்கிறேன். ஹாலுக்குள் போவதுதான் பாக்கி.

டாக்டரம்மா மூன்று மாதத்திலேயே சரி என்றுவிட்டார். போன தடவை போனபோது, "கலையரசி, முப்பத்தஞ்சு ஆகப் போகுது. இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டிருக்கீங்க?" என்றார்.

"ஒரு எழுத்துக்கு டாக்டர்."

"என்ன எழுத்து, டிரான்ஸ்ஃபர் ஆர்டரா?"

இவர்களிடம் என்ன விளக்குவது? "முதல்ல நடந்ததுக்கு நீங்க காரணம் இல்லை, உங்க கையில எதுவுமே இல்லைம்மா. பத்துல ஒண்ணு ரெண்டு இப்படிப் போகத்தான் செய்யும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அதுவும் எனக்குப் பிடிக்காது. என் கையில் எதுவும் இல்லை என்றால் பிறகு என் வயிற்றில் எதற்கு?

வீட்டுக்காரரிடம் முடிவாகச் சொல்லிவிட்டேன். "அந்தச் சொல் திருந்தட்டும். அப்புறம்தான்." அவர் "சரி" என்றார். ஏன், எதற்கு, எத்தனை நாள், ஒன்றும் கிடையாது. சரி. அவ்வளவுதான். பதினைந்து மாதமாக அதே சரி.

மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று மனுப் போட்டேன். நாலாவதற்கு நேரிலேயே போனேன். போன வியாழக்கிழமை. கண்காணிப்பாளர் ஒரு பெண், லூர்துமேரி என்று பெயர்ப்பலகை. நல்லவர்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "அசலைப் பார்த்துருவோம்மா, ஒரு நிமிஷ வேலை" என்று விடுப்புக் கோப்பை எடுத்துவரச் சொன்னார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். தமிழ்நாட்டில் தமிழ் படும் பாட்டைப் பற்றி. உதவியாளர் வேலைக்குத் தமிழில் ஒரு தகுதித் தேர்வு கடுமையாக வைக்க வேண்டும் என்பதைப் பற்றி. அவர் பக்கத்தைப் புரட்டி, படித்து, என்னைப் பார்த்து, கோப்பை மெதுவாக என் பக்கம் திருப்பி வைத்தார்.

என் கையெழுத்து அக்கா.

'தாழ்மையுடன்' என்று எழுதியிருந்தது. என் 'ழ' எனக்குத் தெரியாதா? வால் சுழித்து அடிக்கோட்டைத் தொடும், பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் எழுதப் பழகுகிறார்கள். அதற்கு இரண்டு வரி மேலே, 'கருக்கலைப்பு.' வழுக்கி விழுந்த எழுத்து இல்லை. மாத்திரை மயக்கத்தில் கிறுக்கினதும் இல்லை. மற்ற எழுத்தெல்லாம் சாதாரணமாக இருக்கிறது, அந்த 'ப்பு' மட்டும் அழுத்தி, தாளின் பின்பக்கம் புடைக்கிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது. மேலே புள்ளி குத்திக் கிழிந்திருந்தது.

ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதி அழித்த தடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வேலாயுதம் சாருடைய குண்டுக் கையெழுத்து. 'டீச்சரிடம் கேட்கவும்.' எழுதிவிட்டு, கேட்காமல், ரப்பர் போட்டு அழித்திருக்கிறார். ஏன் அழிக்க வேண்டும்? கேட்டிருக்கலாமே? கேட்டிருந்தால் கரும்பலகை வரைக்கும் போயிருக்காதே! அவர்மேலும் தப்பு இருக்கிறது, நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை இடைவேளையில், எல்லோரும் டீ குடிக்கிற நேரமாகப் பார்த்து, மறுபடி அவரைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு பேர் முன்னால் நின்றுகொண்டு சொன்னேன். "சார், அந்த 'ப்பு' என்னுது."

"தெரியும் டீச்சர்" என்றார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்? பலகையில அப்படி எழுதினேனே!"

"உங்க வீட்டுக்காரர்தான் அதைக் கொண்டாந்து குடுத்தாரு டீச்சர். மடிக்காமத் திறந்து வச்சிருந்தாரு. அவரும் படிச்சிருப்பாரு. வீட்டுக்குள்ள என்னமோ, நமக்கெதுக்குன்னு… சரி, டீ ஆறுது பாருங்க" என்றார்.

மன்னிப்புக் கேட்டாயா என்றால், அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் நின்றுகொண்டு சொன்னேன்.

அன்று மதியமே அரைநாள் லீவு போட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவார், நடுவில் பேசக் கூடாது. பேசினேன்.

"அந்த லீவு லெட்டர். கொண்டு போகும்போது படிச்சீங்களா?"

கை நின்றது. "எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்றார். பிறகு, "படிச்சேன்" என்றார்.

"ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"நீ தமிழ் டீச்சர். எனக்கு என்ன தெரியும்? நீ அதைத்தான் எழுதணும்னு எழுதியிருக்கேன்னு நினைச்சேன்." சுற்றின கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார். "அன்னிக்குக் காலையில அடுப்படியில நீ சொன்னதை நான் சாயங்காலமே மறந்துட்டேன் கலை. நீதான் மறக்கலை."

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கட்டுமா? தூசி வருகிறது. கண்ணில் விழுகிறது.

முன்னாடி ஒண்ணு சொன்னேன்ல அக்கா, முதல் நாள்ல இருந்தே அது எனக்கு வேண்டியிருந்துச்சுன்னு. அது பொய். அந்த வருசம்தான் எனக்கு முதமுதலாப் பத்தாங்கிளாஸ் குடுத்திருந்தாங்க. நூத்துக்கு நூறு பாஸ் காட்டணும்னு ஒரு வெறி. காலையில அடுப்படியில நின்னு அந்த டெஸ்ட் குச்சியில ரெண்டு கோடு பார்க்கிறேன். பால் பொங்குது. அவரு தட்டுல இட்லி வச்சு உட்கார்ந்திருக்காரு. நான் சொன்னேன், "இந்த வருசம் இது வராமலே இருந்திருக்கலாம்." ஒருதரம்தான் சொன்னேன். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரும்போதே மனசு மாறிருச்சு, ஸ்கூட்டர்ல ஒரு கையை வயித்து மேல வச்சுக்கிட்டே வந்தேன், போலீஸ்காரர்கூடத் திட்டினாரு. ஆனா சொன்னது சொன்னதுதானே? பதினோரு வருசமா சொல்லுக்கு உசிரு இருக்குன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கிறவ நான். ஏவல்னா என்ன? முன்னால இருக்கவங்கள ஒண்ணு செய்யச் சொல்றது. அது அவ்வளவு பக்கத்துல இருந்துச்சே அக்கா. உள்ளயே இருந்துச்சே. நான் சொன்னதை ஏவல்னு எடுத்துக்கிருச்சோ? கலைன்னு நான் சொல்லலை. ஆனா என் பேரே அதுதானே. அத்தனை பேரும் அதைச் சொல்லித்தானே கூப்பிட்டாங்க.

இல்லை. வேண்டாம், தோளைத் தட்டாதீர்கள். பாவம் என்றும் சொல்லாதீர்கள். அதற்காகச் சொல்லவில்லை.

லூர்துமேரி அம்மா அன்றே வழி சொல்லிவிட்டார். "ஒண்ணும் இல்லம்மா, 'கைத்தவறுதலாக எழுதிவிட்டேன்'னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நானே திருத்தி அனுப்பிடறேன்." பேனாவைக்கூட நீட்டினார். வாங்கவில்லை. கை தவறினால் அப்படி அழுந்துமா? கையின் மேல் பழி போடுவதற்கா பதினைந்து மாதம் அலைந்தேன்? யோசித்து எழுதிவருகிறேன் என்று வந்துவிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாள் எழுதினேன். மூன்று தாள் கிழித்தேன். காலையில் கிளம்பும்போது அத்தை வாசல் வரைக்கும் வந்து, "அரசி, நல்லபடியா முடிச்சுட்டு வா" என்றார். எதை என்று கேட்கவில்லை. திரும்பிப் போனதும் அவரிடம் கேட்க வேண்டும், மீதிப் பெயரை எங்கே கொண்டுபோய்ப் போட்டீர்கள் என்று.

இதோ, தாள். வாசிக்கிறேன், கேளுங்கள். 'பொருள்: பணிப்பதிவேட்டில் சொல் திருத்தம். ஐயா, மேற்படி விடுப்பு விண்ணப்பத்தில் கருக்கலைப்பு என்று எழுதியவள் நானே. அது கைத்தவறு அன்று. எழுதியபோது, அது என்னால்தான் போயிற்று என்று நம்பியிருந்தேன். அது உண்மை அன்று. கரு தானே கலைந்தது. ஆகவே அச்சொல்லைக் கருக்கலைவு என்று திருத்தி, இக்கடிதத்தையும் கோப்பில் வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.' முன்னால் 'தாழ்மையுடன்' என்று வரும். அதை எடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் கோப்பில் வைக்க முடியாது என்பார்கள். வைக்க வேண்டும். ஒருத்தி தன்மேல் பழி எழுதிக் கொடுத்தால் அதைப் பத்திரமாக இரண்டு வருடம் வைத்திருக்கத் தெரிகிறது அல்லவா? பழி இல்லை என்று எழுதிக் கொடுப்பதையும் வைக்கட்டும்.

இந்தாருங்கள், உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்தானே? எட்டாவது வரையா? போதும். ஒருதரம் பிழை பாருங்கள். ஊரார் பிழையெல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது, என் பிழைதான் தெரிய மாட்டேன் என்கிறது. விரல் வைத்துப் படியுங்கள், பரவாயில்லை. 'உண்மை அன்று.' ஆமாம், அந்த வரிதான். சத்தமாகவே படியுங்கள்.

என்ன, பிழை இல்லையா? நன்றாகப் பார்த்தீர்களா? 'அது என்னால்தான் போயிற்று என்று நம்பியிருந்தேன்', அங்கேயும்?

சரி, கொடுங்கள்.

ஒண்ணுதான் அக்கா. நீங்கள் கேட்டதற்குப் பதில் அது. ஒன்று வந்தது, கலைந்தது. நான் கலைக்கவில்லை. எழுதுவது வேறு, வாயால் சொல்வது வேறு. மாவட்ட ஆபீஸ் படி ஏறுவதற்கு முன்னால் ஒரு ஆளிடமாவது சொல்லிப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. நீங்களாகக் கேட்டீர்கள், மாட்டிக்கொண்டீர்கள்.

விலக்கு வந்துருச்சு. முருங்கைக்காயை எடுங்க, இறங்கணும்.